திருமலையில ரெண்டு பேரா மூணு ராத்திரி: மலையிலிருந்து போறவங்க கேக்குற கேள்விகள்

போன ஆகஸ்ட் ஸ்கூல் லீவுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும் திருகோணமலைக்கு (சுருக்கமா திருமலைன்னு சொல்லுவோம்) போய் மூணு ராத்திரி இருந்துட்டு வந்தோம். கல்யாணமாகி 11 வருசத்துல ரெண்டு பேரா மட்டும் ஒரு எடத்துக்கு போனது அதுதான் மொத தடவை. மலையில எங்க ஊரான தலவாக்கலைக்கு திரும்பி வந்த நாள்ல இருந்து ஸ்டாப் ரூம்ல, கோவில்ல, பஸ்ல, சொந்தக்காரங்க போன்லன்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லி அப்புறம் முக்கியமானத சொல்லலையேன்னு நான் ராத்திரி யோசிக்கிறேன், அதனால கேட்டத எல்லாம் ஒரே எடத்துல எழுதிட்டேன். அண்ணிங்க ரெண்டு பேரும் இத முழுசா வாசிங்க, உங்களுக்காகத்தான் நிறைய எழுதியிருக்கேன்.

நுவரெலியா, எல்ல எல்லாம் பக்கத்துல இருக்கப்போ எதுக்கு அவ்ளோ தூரம் போனீங்க?

நம்ம இருக்கிறதே மலையில. நாலாயிரம் அடியில குளிர்லயே பொறந்து வளந்த எங்களுக்கு இன்னொரு மலையில போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு என்ன ஓய்வு கெடைக்கப் போகுது? எங்க வீட்டுக்காரருக்கு கடல் பக்கத்துல நின்னு துறைமுகம் பாக்கணும்னு சின்ன வயசு ஆச. எனக்கு கோணேசர் கோவில். ஆனா வெறும் கடற்கரையா இருந்தா எனக்கு ரெண்டாவது நாளே அலுத்துடும், திருமலை அப்படி இல்ல, அது மேடும் பள்ளமுமா இருக்கிற டவுன், கடல் உள்ளுக்குள்ள புகுந்து புகுந்து குடா குடாவா நிக்குது, எந்தப் பக்கம் ஏறுனாலும் கீழ தண்ணி தெரியும். மலைக்காரங்களுக்கு கண்ணுக்கு பழகின அமைப்பு, தேயிலைக்கு பதிலா கீழ கடல் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைக்கும். இது நிறைய பேருக்கு விளங்காத விசயம், நம்ம பக்கம் மழை கொட்டுறப்போ எங்கயும் போக ஏலாதுன்னு வீட்டுக்குள்ளயே இருந்துடுறோம், ஆனா நமக்கு மழைக்காலம்தான் அவங்களுக்கு கடல் அமைதியா இருக்கிற காலம். அவங்களுக்கு மழை நவம்பர், டிசம்பர், ஜனவரியில வரும், வடகீழ் பருவக்காத்துல, அப்போ கடல்ல எறங்க ஏலாது.

காரணம் தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. மே மாசத்துக்கு மேல தென்மேற்குலேர்ந்து வர்ற காத்து கடல் ஈரத்த எல்லாம் சுமந்துக்கிட்டு வந்து நம்ம மலையில மோதி மேல ஏறுது, ஏறுறப்போ குளிர்ந்து மழையா நம்ம தலையிலேயே எறக்கி வச்சிடுது. அப்புறம் அந்தப் பக்கம் எறங்குறப்போ ஈரம் இல்லாம சூடாகி வறண்ட காத்தா போய் கிழக்கு கரைய அடிக்குது. அத அங்க கச்சான் காத்துன்னு சொல்றாங்க. நம்ம ஊருல கொழுந்து நனையுற அதே காத்துதான் அங்க போய் துணி காய வைக்குது.

தலவாக்கலையிலிருந்து எப்படி போறது? நேரா பஸ் இருக்கா?

நாங்க மாறித்தான் போனோம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு கண்டி பஸ், கண்டியில எறங்கி சாப்பிட்டுட்டு திருமலை பஸ். மாத்தளை, தம்புள்ள, ஹபரண, கந்தளாய்னு போகுது. வீட்டுலேர்ந்து போய் சேர ஒரு பகல் முழுசா போயிடும்னு வச்சுக்கோங்க, நாங்க எறங்குறப்போ பின்னேரம் நாலு மணி. ரயில் ஆச இருந்தா கொழும்புக்கு போய்த்தான் ஏறணும், அந்த லைன் மாகோ, கல்ஓயா சந்தி வழியா போகுது, நமக்கு அது சுத்து. சொந்த வாகனம்னா ராத்திரி ஓட்டாதீங்க, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவுல காடு, ரோட்டுல யானை நிக்கும்.

ஜன்னல் பக்கம் இருங்க. மாத்தளை தாண்டி தம்புள்ள வரைக்கும் நான் தூங்கவே இல்ல. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தியாவுல இருந்து வந்து மன்னார்ல கப்பல் எறங்கி காட்டு வழியா நடந்து மாத்தளைக்கு வந்தாங்கன்னு சொல்லுவாங்கல்ல, 2023-ல அவங்க வந்து 200 வருசம் ஆனத நெனச்சு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு அத்தன பேர் நடந்தாங்களே, அந்தப் பக்கத்து பாதைதான். அவங்க மேல ஏறி வந்தத நாங்க சீட்டுல உக்காந்து கீழ எறங்கிக்கிட்டு இருந்தோம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் தண்ணி போத்தல நீட்டி குடின்னாரு.

டவுன்ல தங்குறதா, நிலாவெளியில தங்குறதா?

நிறைய பேர் நிலாவெளி, உப்புவெளின்னு கடற்கரையிலேயே ரூம் போடுவாங்க. உப்புவெளி டவுன்லேர்ந்து அஞ்சாறு கிலோமீட்டர், நிலாவெளி ஒரு 16 கிலோமீட்டர். கதவத் தொறந்தா மணல் வேணும்னா அங்க போங்க.

நாங்க தங்குனது உவர்மலையில. இங்கிலீஷ்ல ஓர்ஸ் ஹில்னு சொல்றது. ஒரு சின்ன மேடு, வீடுங்க, மரங்க, கீழ எறங்குற ரோடு, அதுக்கு அங்கிட்டு உள் துறைமுகம். ஒரு வயசான அன்ரி வீட்டு மாடியில ஒரு ரூம், முன்னால ஒரு வராந்தா, ரெண்டு பிளாஸ்டிக் கதிரை. நான் மூணு நாளும் அதிகமா இருந்தது அந்த கதிரையிலதான். காலையில தண்ணி அசையாம ஈயத்தகடு மாதிரி கெடக்கும், சுத்தி மலைங்க, நடுவுல ஒரு கப்பல் நிக்கும், அது கடல்னே தோணாது, மேல் கொத்மலை அணைக்கு பின்னால தண்ணி நிக்குமே அத நூறு மடங்கு ஆக்கின மாதிரி. அவ்ளோ ஆழமான துறைமுகம், பெரிய கப்பல் உள்ள வந்து நிக்கிற மாதிரி இயற்கையாவே அமைஞ்சது, அதுக்காகத்தான் போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரான்ஸ்காரர், இங்கிலீஷ்காரர்னு ஒருத்தர் மாறி ஒருத்தர் இந்த ஊரப் பிடிச்சிருக்காங்க.

அன்ரி வீடு மொதல்ல கடற்கரை ஓரத்துலதான் இருந்துச்சாம். 2004 சுனாமிக்கு பிறகு கீழ இருக்க மனசில்லாம மேட்டுக்கு வந்துட்டாங்களாம். அதுக்கு மேல அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல.

ரூம் போடுறப்போ என்ன கவனிக்கணும்?

ரெண்டு பேருடைய அடையாள அட்டையும் கையில இருக்கட்டும், எல்லா எடத்துலயும் கேப்பாங்க. காசு முழுக்க முன்கூட்டி அனுப்பாதீங்க. நாங்க மொதல்ல போட்டோ பாத்து போன்ல பேசி ஒரு எடத்துக்கு அட்வான்ஸ் கட்டினோம், போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எடுத்தா ரூம வேற ஆளுக்கு குடுத்துட்டோம்னாங்க, காசு திரும்ப வர மூணு கிழமை ஆச்சு. அப்போ அழுகையே வந்துச்சு எனக்கு, இவ்ளோ வருசம் கழிச்சு ஒரு பயணம், அதுவும் இப்படியான்னு. அதனாலதான் கூட வேலை செய்ற டீச்சர் ஒருத்தங்க மூலமா உவர்மலை வீடு கெடைச்சுச்சு. தெரிஞ்சவங்க மூலமா கேட்டுப் போடுறது எப்பவும் நல்லது, ஏசி இருக்கா, தண்ணி உப்பா நல்ல தண்ணியா, ஜன்னல்ல வலை இருக்கான்னு தெளிவா கேளுங்க. நுளம்பு இருக்கு.

புள்ளைங்கள விட்டுட்டு எப்படி மனசு வந்துச்சு?

இத என்கிட்ட மட்டும்தான் கேக்குறாங்க, அவர்கிட்ட யாரும் கேக்கல. புள்ளைங்க அம்மாயி வீட்டுல சந்தோசமா இருந்துச்சுங்க. பெரியவன் போன்ல கப்பல் பாத்தீங்களான்னு மட்டும் கேட்டான், சின்னவ பேசவே வரல, வெளையாட்டு. எனக்கு மொத நாள் ராத்திரி கை வெறுமையா இருந்துச்சு உண்மைதான், மூணு பேருக்கு சாப்பாடு கட்டி, சப்பாத்து தொடச்சு, ஹோம்வொர்க் பாத்துப் பழகின கை. ரெண்டாவது நாள் அந்த கை டீ கோப்பைய பிடிச்சுக்கிட்டு சும்மா இருக்க பழகிடுச்சு. நம்ம அம்மா காலத்துல மலையில ஏறி, கொழுந்து எடுத்து, வந்து சமைச்சு, படுத்து, திரும்ப எழும்பி, அவங்களும் அப்பாவும் ஒரு நாள் எங்கயாவது ரெண்டு பேரா உக்காந்து இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. இந்த பயணத்துக்கு கிளம்புறப்போ பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து வழியனுப்புனது எங்க அம்மாதான்.

கோணேசர் கோவிலுக்கு எப்ப போனா நல்லது?

வெள்ளென போங்க, இல்லாட்டி அந்திப் பூசைக்கு போங்க. பகல் பன்னெண்டு மணிக்கு போய் கல்லுல கால வைக்க ஏலாம ஓடாதீங்க. கோட்டை வாசல் வழியா உள்ள போகணும், பிரெட்ரிக் கோட்டைன்னு பேரு, உள்ள புள்ளி மானுங்க நம்ம ஊரு ஆடு மாதிரி சும்மா திரியும், பாண் குடுக்காதீங்க பாவம். மேல ஏறுற ரோட்டு ஓரத்துல கடைங்க இருக்கு, அர்ச்சனைத் தட்டு அங்கேயே எடுக்கலாம், ஆம்பளைங்க சட்டைய கழட்டித்தான் உள்ள போகணும்.

ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் பதிகம் பாடின தலம். பழைய கோவில 1622-ல போர்த்துக்கீசர் இடிச்சு, அந்த கல்லுங்களயே எடுத்து கோட்டை கட்டினாங்க. இப்ப இருக்கிற கோவிலுக்கு கும்பாபிசேகம் நடந்தது 1963-ல. நடுவுல 300 வருசத்துக்கு மேல கோவில் இல்லாம இருந்தும் சனங்க அந்த பாறைய கும்பிடுறத விடல. நான் சாமி முன்னாடி நின்னப்போ எனக்கு அதுதான் நெனப்புல ஓடுச்சு.

கும்பிட்டு முடிச்ச உடனே எறங்காதீங்க. கோவிலுக்கு பக்கத்துல பாறை நேரா கடலுக்கு எறங்குது, கீழ பாத்தா கால் கூசும். இராவணன் வெட்டுன்னு பாறை பிளந்த எடம் ஒண்ணு காட்டுவாங்க, தாய்க்காக மலைய பேத்து எடுக்கப் போனப்போ வாளால வெட்டினதா கதை. அங்க ஒரு மரத்துல புள்ளை வரம் கேட்டு குட்டி குட்டி தொட்டிலா கட்டி வச்சிருக்காங்க, காத்துல எல்லாம் ஒண்ணா ஆடும். பக்கத்துல ஒரு சின்ன பொண்ணும் புருசனும் தொட்டில் கட்டிக்கிட்டு இருந்தாங்க, முடிச்சு நிக்கல, எங்க வீட்டுக்காரர் போய் கொடியில கொழுந்து சாக்கு கட்டுற முடிச்சு ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. அவங்களுக்கு நல்லபடியா ஆகணும்னு நான் இன்னும் வேண்டிக்கிறேன்.

கடல் அமைதியான மாசங்கள்ல அந்தப் பாறையில இருந்தே சில நேரம் திமிங்கிலம் தெரியும். நாங்க ஒரு மணி நேரம் நின்னும் பாக்கல.

வெயில் தாங்குமா?

தாங்காது. தாங்கணும்னு அவசியமும் இல்ல. பதினொரு மணிக்கு ரூமுக்கு வந்துடுங்க, சாப்பிட்டு பேனப் போட்டு தூங்குங்க, நாலு மணிக்கு வெளிய போங்க. ஊர்க்காரங்களே அப்படித்தான் இருக்காங்க. நம்ம ஆளுங்க காசு குடுத்து வந்துட்டோம்னு பகல் முழுக்க வேன்ல சுத்தி அஞ்சு எடம் பாத்துட்டு தலைவலியோட வீட்டுக்கு வர்றாங்க. கச்சான் காத்து பகல்ல அனலா வீசும், உதடு வெடிக்கும், இளநி, தண்ணி அடிக்கடி குடிங்க.

புறாமலைக்கு போனீங்களா? எங்களுக்கு நீச்சல் தெரியாதே?

எங்களுக்கும் தெரியாது, போனோம். நிலாவெளி கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சின்ன தீவு, 2003-ல தேசிய பூங்கா ஆக்கியிருக்காங்க, அதனால வனசீவராசிகள் டிக்கட் தனி, போட்டுக்கு காசு தனி. உள்நாட்டுக்காரங்களுக்கு டிக்கட் குறைவு, அடையாள அட்டைய காட்டுங்க. போட்டுக்காரர்கிட்ட எத்தன மணிக்கு திரும்ப கூட்டிட்டு வருவீங்கன்னு பேசி முடிச்சுட்டு ஏறுங்க. மேல போடுற லைப் ஜெக்கட் இல்லாம ஏறவே ஏறாதீங்க.

வெள்ளென போனா சனம் குறைவு, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். முழங்கால் தண்ணியில நின்னாலே மீன் கால சுத்தி வருது, மஞ்சள், நீலம், வரி போட்டதுன்னு. செட்டை நுனி கறுப்பா இருக்கிற சின்ன சுறாங்க கரைக்கு கிட்டவே வரும், நான் கத்திட்டேன், போட்டுத் தம்பி பயப்படாதீங்கோ அக்கா அது உங்களுக்கு பயந்து ஓடும்னாரு, அப்படியேதான் ஓடுச்சு. கீழ முருகைக்கல் (பவளப்பாறை) மேல தயவுசெஞ்சு கால வைக்காதீங்க. அது கல்லு இல்ல, உயிர். ஏற்கனவே நிறைய உடைஞ்சு வெளுத்துப் போய் கெடக்கு, அத பாக்க எனக்கு கவாத்து வெட்டி காஞ்சு போன செடி மாதிரி இருந்துச்சு, செடியாவது திரும்ப தளிர்க்கும், இது வளர எத்தன வருசம் எடுக்கும். சங்கு, கல்லு எதையும் எடுத்துட்டு வராதீங்க.

நீச்சல் தெரியாதவங்க நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கடல்ல குளிக்கிற நெனப்பே வேண்டாம். நல்ல காலத்துலயும் இடுப்புக்கு மேல போகாதீங்க, நம்ம ஆத்துல குளிச்ச பழக்கம் கடலுக்கு சரிவராது.

சாப்பாடு எப்படி?

நல்லா இருந்துச்சு. காலையில புட்டும் மீன் குழம்பும், அதுல தேங்காப்பால் கூட, புளி அளவா. கணவாய் கறி நான் மொத தடவை சாப்பிட்டேன், அன்ரி சமைச்சாங்க, ரெண்டாவது நாளும் அதே வேணும்னு கேட்டு வாங்கி சாப்பிட்டேன். நம்ம ஊருக்கு ஐஸ் பெட்டியில வர்ற மீனுக்கும் காலையில வலையில இருந்து எடுத்த மீனுக்கும் உள்ள வித்தியாசத்த எழுத்துல சொல்ல ஏலாது. ராத்திரிக்கு டவுன்ல முஸ்லிம் கடையில கொத்து. அந்தியில டச் பே கடற்கரையில ஊர் சனமே வந்து உக்காந்திருக்கும், வறுத்த கச்சான் (நிலக்கடலை) சுருள் ஒண்ணு வாங்கிக்கிட்டு இருட்டுற வரைக்கும் இருங்க. போற வழியில கந்தளாய்ப் பக்கம் சட்டித் தயிர் வாங்கலாம், திரும்ப வர்றப்போ வாங்குங்க, போறப்போ வாங்கினா வெயிலுக்கு புளிச்சிடும்.

சைவம்னா கஷ்டம் இல்ல, கோவில் ஊரு.

கன்னியா வெந்நீர் ஊத்து பாக்கலாமா?

டவுன்ல இருந்து எட்டு கிலோமீட்டர் போல, அநுராதபுரம் ரோட்டுல. ஏழு கிணறு, சின்ன சின்னதா, ஒவ்வொண்ணுலயும் சூடு கொஞ்சம் மாறும். வாளியில மொண்டு ஊத்தித்தான் குளிக்கணும். இராவணன் தாய்க்கு கருமம் செஞ்ச எடம்னு நம்பிக்கை, ஆடி அமாவாசைக்கு சனம் நிறைய வரும். அரை நாள் போதும். குளிருல இருந்து போன எங்களுக்கு அந்த வெயில்ல சுடுதண்ணி பெருசா இழுக்கல, காலையில ஆறு மணிக்கு போயிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்.

துறைமுகத்துக்குள்ள போக விடுவாங்களா?

கடற்படை எடம், நினைச்ச மாதிரி உள்ள போக ஏலாது, போட்டோ எடுக்க முன்னாடி கேட்டுட்டு எடுங்க. டச்சுக்காரர் காலத்து கட்டடத்துல கடற்படை மியூசியம் ஒண்ணு இருக்கு, எங்க வீட்டுக்காரர் ரெண்டு மணி நேரம் உள்ளேயே நின்னுட்டாரு. சீனன்குடா பக்கம் போறப்போ மரத்துக்கு நடுவுல பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிங்க தெரியும், இங்கிலீஷ்காரர் கட்டினது, 99 இருக்கு. 1942 ஏப்ரல் 9-ல ஜப்பான்காரன் இந்த துறைமுகத்துல குண்டு போட்டிருக்கான்.

போனதுல உங்களுக்கு ரொம்ப பிடிச்ச எடம் எது?

இதுக்கு யாரும் எதிர்பாக்காத பதில்தான் சொல்றேன். மூதூர் போற ரோட்டுல இருக்கிற கங்கைப் பாலம்.

மூணாவது நாள் த்ரீவீல் ஒண்ணு பிடிச்சு போனோம். மொதல்ல கிண்ணியா பாலம், கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், 2009-ல தொறந்தது, அதுக்கு முன்னாடி அங்க பாதைன்னு சொல்ற மிதவைப் படகுலதான் ஏத்தி அக்கரைக்கு கொண்டு போவாங்களாம். அதத் தாண்டி போனா வயல், எருமை, கொக்கு, அப்புறம் கங்கைப் பாலம். அந்த கங்கை வேற ஒண்ணும் இல்ல, மகாவலி. நம்ம நாட்டுலயே நீளமான ஆறு, 335 கிலோமீட்டர், இங்க கொட்டியாரக் குடாவுல வந்து கடல்ல விழுது.

யோசிச்சுப் பாருங்க. அக்கரப்பத்தனை பக்கத்துல இருந்து வர்ற ஆக்ரா ஓயா, நானுஓயா எல்லாம் கொத்மலை ஓயாவுல சேருது, அது தலவாக்கலையில நம்ம கண்ணு முன்னாடி சென் கிளயர் நீர்வீழ்ச்சியா விழுது, அப்புறம் கொத்மலை, மகாவலி, கண்டி, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பேன்னு எறங்கி எறங்கி அவ்ளோ தூரம் சுத்தி இங்க வருது. மஸ்கெலியா தண்ணி அப்படி இல்ல, அது களனி கங்கையோட கொழும்புக்கு போயிடும். நம்ம பக்கத்துது மட்டும் திருமலைக்கு வருது.

பாலத்துல நின்னு எங்க வீட்டுக்காரர் கீழ பாத்துக்கிட்டே, புள்ள, இது நம்ம பீலித் தண்ணிதானேன்னாரு. அவர் பொறந்த லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, கீழ ஒரு பீலி இருக்கு, அவங்க அம்மா விடிய முன்னாடி குடத்தோட போய் நின்ன பீலி, அந்த தண்ணி ஓடையில விழுந்து ஓடை ஆத்துல விழும். முந்தின நாள் அன்ரிகிட்ட நான் பீலின்னு சொன்னப்போ அவங்களுக்கு விளங்கல, அதென்ன பிள்ளைன்னு கேட்டாங்க, குழாய் மாதிரி, தகரத்துல மூங்கில்ல விடுற ஊத்துத் தண்ணின்னு விளக்கிச் சொன்னேன். இங்க த்ரீவீல் ஓட்டின அண்ணன் திரும்பிப் பாத்து, பீலியா, எங்க அம்மாயி சொல்ற சொல்லு அதுன்னாரு. கேட்டா அவங்க குடும்பம் பொகவந்தலாவைக்காரங்களாம், 1977-ல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துல அடிபட்டு, கையில பிடிச்சத எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்து காடு வெட்டி குடியேறினவங்களாம். அவர் இங்கதான் பொறந்தாராம், மலைய ஒரு தடவை கூட பாத்ததில்லையாம்.

அப்புறம் மூணு பேரும் அந்த கைப்பிடியில சாஞ்சு கொஞ்ச நேரம் நின்னோம். தண்ணி மெதுவா, கலங்கலா, அவசரமே இல்லாம போகுது. நம்ம ஊருல பாறைக்கு பாறை குதிச்சு சத்தம் போடுற தண்ணிதான் இதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. அந்த குடாவுக்கு அடியில, கடலுக்குள்ள பெரிய பள்ளத்தாக்கு ஒண்ணு ஆழமா போகுதாம், திருமலை துறைமுகம் பக்கம் கடல் அவ்ளோ ஆழமா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். மலைல பள்ளத்தாக்குல தொடங்கி கடல்லயும் பள்ளத்தாக்குல முடியுது.

த்ரீவீல் அண்ணன் கூலி பேசினத விட குறைச்சுத்தான் வாங்கினாரு. நாங்க கொண்டு போன தேயிலைப் பக்கட் ஒண்ண அவங்க அம்மாயிக்கு குடுத்து விட்டோம்.

செலவு எவ்ளோ ஆச்சு?

வெல மாசத்துக்கு மாசம் மாறுது, நான் ஒரு கணக்கு சொல்லி நீங்க அத நம்பி வந்து முழிக்க வேண்டாம். எதுல கூட போகும்னு மட்டும் சொல்றேன், ரூம்லயும் த்ரீவீல்லயும். பஸ்ஸும் சாப்பாடும் பெருசில்ல. போட்டுக்கு நாலஞ்சு பேரா சேந்து போனா காசு பிரியும், நாங்க குருநாகல்ல இருந்து வந்த ஒரு குடும்பத்தோட சேந்து போனோம். நாங்க ஒரு வருசம் சீட்டுப் பிடிச்சு அந்த காசுல போனோம், கடன் வாங்கல.

ரெண்டு பேரும் மூணு நாள் என்னதான் கதைச்சீங்க?

மொத நாள் புள்ளைங்க, வீட்டுக்கு தகரம் மாத்துறது, கரண்ட் பில். ரெண்டாவது நாள் பகல்ல ஒண்ணுமே கதைக்கல, வராந்தாவுல அவர் பேப்பர் பாத்தாரு, நான் கப்பல் பாத்தேன். ராத்திரி அவர் சின்ன வயசுல லொறியில ஏறி ஓடிப் போய் கடல் பாக்க நெனச்சு ஹட்டன்லயே பிடிபட்ட கதைய சொன்னாரு, 11 வருசத்துல எனக்கு சொல்லாத கதை. எனக்கு அது போதும்.

எங்களுக்கு ரெண்டு நாள்தான் லீவு, போகலாமா?

வேண்டாம். போக ஒரு பகல், வர ஒரு பகல். நடுவுல ரெண்டு முழு நாளாவது இருக்கணும், இல்லாட்டி பஸ் சீட்டுதான் ஞாபகம் இருக்கும்.

என்ன கொண்டு போகணும், என்ன கொண்டு வரலாம்?

பருத்தி உடுப்பு, தொப்பி, நுளம்புக்கு பூச ஏதாவது, கோவிலுக்கு ஒரு சாரி, வேட்டி. ஸ்வெட்டர் கண்டி பஸ் வரைக்கும்தான். வர்றப்போ கருவாடு வாங்கலாம், மூணு சுத்து பேப்பர்ல, அதுக்கு மேல பொலித்தீன் பேக்ல கட்டுங்க, பஸ்ல பக்கத்துல இருக்கவங்களையும் நெனச்சுப் பாக்கணும்ல. போறப்போ நம்ம தேயிலை ஒரு கிலோ கட்டாயம் கொண்டு போங்க, தங்குற வீட்டுக்கு அத விட நல்ல சாமான் இல்ல. அன்ரிக்கு நாங்க பெக்டரியில வாங்கின பி.ஓ.பி. ரகத் தேயிலை கொண்டு போனோம். அந்த தண்ணியில ஊத்தினா நெறம் வேற மாதிரி வருது, கொஞ்சம் கறுத்து, ருசியும் அடங்கிப் போகுது. ஆனா அவங்களுக்கு ரொம்ப பிடிச்சுது.

அந்த அன்ரியோட இன்னும் தொடர்பு இருக்கா?

இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பாங்க. தேயிலை முடிஞ்சா சொல்லுங்க அன்ரி, பார்சல்ல போடுறேன்னா, வேண்டாம் பிள்ளை நீங்கள் கொண்டு வாங்கோம்பாங்க. இந்த ஜூன்ல எடுத்தப்போ இங்க நாலு நாளா விடாம மழை, தகரத்துல விழுற சத்தத்துல அவங்க குரலே எனக்கு சரியா கேக்கல. அங்க மழையோன்னு கேட்டாங்க. ஆமா அன்ரி, ஊத்துதுன்னேன். ஓம் ஓம், அதுதான் இஞ்ச கச்சான் தொடங்கிட்டுது, காலமை போட்ட உடுப்பு பத்து மணிக்கே காஞ்சுட்டுதுன்னாங்க.